பணிப் பட்டியல் கருவிக்கு ஆவணம்: ஏஜெண்ட் படிக்கும் இடத்தில் எழுதுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டக் குத்தகையாளர்களுக்காகப் பணிப்பதிவுச் செயலி ஒன்றை நடத்துகிறோம். குலை வெட்டு, உரம், மருந்தடிப்பு, வாய்க்கால் வேலை எல்லாம் அதில் பதிவாகும். அண்மையில் எம்சிபி (ஏஐ மாடல்களை வெளிச் செயலிகளுடன் இணைக்கும் பொது நெறிமுறை) வழியாக ஏஐ ஏஜெண்டை இணைத்தோம். ‘இன்றைக்கு என்ன வேலை பாக்கி?’ என்று மண்டோர் (தோட்ட வேலை மேற்பார்வையாளர்) கேட்டால் சில நேரம் நேற்றைய பட்டியல் வருகிறது. சில நேரம் ‘ஒன்றுமில்லை’ என்கிறது. ஏஜெண்ட் அழைக்கும் பணிப் பட்டியல் கருவிக்கு நீளமான ரீட்மீ (விளக்கக் கோப்பு) எழுதி வைத்திருக்கிறோம். இன்னும் என்ன எழுத வேண்டும்?

பதில்: அந்த ரீட்மீயை ஏஜெண்ட் பார்ப்பதே இல்லை. இணைப்பு ஏற்பட்டதும் உங்கள் சர்வரிடம் கருவிப் பட்டியல் கேட்கப்படும். அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், உள்ளீடுகளுக்கான ஜேசன் ஸ்கீமா (எந்த உள்ளீடு எந்த வடிவில் என்ற வரையறை) ஆகியவை போகும். எந்தக் கருவியை எப்போது எப்படி அழைப்பது என்று மாடல் தீர்மானிப்பது பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான். ஆகவே ஆவணத்தின் முக்கியப் பகுதி அங்கேதான் இருக்க வேண்டும். ரீட்மீ மனிதர்களுக்கு: டோக்கன் (அணுகல் சாவி) வாங்குவது, நிறுவுவது, பதிப்பு மாற்றங்கள். அவ்வளவு போதும்.

விளக்கத்தை, இன்று காலை வேலைக்குச் சேர்ந்து, யாரிடமும் சந்தேகம் கேட்க முடியாத கிராணிக்கு (எழுத்தருக்கு) எழுதுவதுபோல் எழுதுங்கள். ‘பணிகளைப் பெறும்’ என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. இப்படி இருக்கலாம்: ‘ஒரு திட்டத்தின் பணிகளைச் சுருக்கமாகப் பட்டியலிடும். திட்ட எண் தெரியாவிட்டால் முதலில் திட்டப் பட்டியல் கருவியை அழைக்கவும். எண்ணை ஊகிக்க வேண்டாம். ஒரே பணியின் குறிப்புகள், படங்கள் வேண்டுமானால் பணி விவரக் கருவியைப் பயன்படுத்தவும். முடிந்த பணிகள், கேட்டால் மட்டுமே வரும்.’ எப்போது அழைக்கக் கூடாது என்பதையும் சொல்வதால்தான் இரண்டு கருவிகளும் குழம்பாமல் இருக்கின்றன.

இனி நேற்றைய பட்டியல். பெரட்டு (வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டம்) நேரம் விடியற்காலை. உங்கள் சர்வர் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது) நேரத்தில் ஓடுகிறது. மலேசிய நேரம் அதைவிட 8 மணி நேரம் முன்னே இருப்பதால், இங்கே காலை 8 மணி ஆகும்வரை சர்வருக்கு ‘இன்று’ என்பது நேற்றுதான். மண்டோருக்குப் பட்டியல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் சரியாக அது தவறுகிறது; பத்து மணிக்கு அலுவலகத்தில் சோதித்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். கோலாலம்பூர் நேர மண்டலத்தில் தேதியைக் கணக்கிடும்படி சர்வரைத் திருத்துங்கள். தேதி உள்ளீட்டின் விளக்கத்தில் மூன்று செய்திகளை எழுதுங்கள்: வடிவம் 2025-04-03 போல ஆண்டு, மாதம், நாள்; மலேசிய நேரம்; ‘இந்தத் தேதிக்குள்’ என்றால் அந்த நாளும் சேர்த்தியா இல்லையா. 03/04 என்று விட்டால் அது ஏப்ரல் மூன்றா மார்ச் நான்கா என்று மாடல் தன் போக்கில் முடிவெடுக்கும்.

‘ஒன்றுமில்லை’ என்பது இதைவிட ஆபத்தானது. திட்ட எண் தவறு, டோக்கனுக்கு அந்தத் தோட்டத்தைப் பார்க்க அனுமதி இல்லை, உண்மையிலேயே பணி இல்லை என்ற மூன்றுக்கும் உங்கள் சர்வர் வெற்றுப் பட்டியலையே அனுப்புகிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஏஜெண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. எம்சிபியில் கருவி ஓடும்போது ஏற்படும் பிழையை, பிழைக் குறியுடன் பதிலுக்குள்ளேயே அனுப்பலாம்; மாடல் அதைப் படித்துத் திருத்திக்கொள்ளும். செய்தியில் அடுத்த அடியையும் சொல்லுங்கள்: ‘இந்தத் திட்ட எண் இல்லை. திட்டப் பட்டியலை அழைத்துச் சரியான எண்ணை எடுக்கவும்.’ பிழை எண்ணை மட்டும் அனுப்பினால் அதே தவறான அழைப்பு திரும்பத் திரும்ப வரும்.

பட்டியல் பாதியில் நிற்பதும் இதே இனம். எம்சிபியின் கர்சர் முறை (பக்கம் பக்கமாக அனுப்புவது) கருவிகள், வளங்கள் முதலியவற்றைப் பட்டியலிடுவதற்கானது. கருவி தரும் பணிகளுக்குப் பக்கம் பிரிப்பதை நீங்களே செய்ய வேண்டும். ஒரு முறைக்கு 20, அதிகபட்சம் 100 என வைத்தால், மொத்த எண்ணிக்கையையும் அடுத்த பக்கக் குறியையும் பதிலிலேயே கொடுங்கள். ‘அடுத்த பக்கக் குறி இருந்தால் பட்டியல் முழுமையானதல்ல, எண்ணிக்கை சொல்லும் முன் மீதியையும் எடு’ என்று விளக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு பணிக்கும் எண், தலைப்பு, நிலை, பொறுப்பாளர், கெடு, கடைசியாக மாற்றிய நேரம் போதும். குறிப்புகளையும் சேர்த்து அனுப்பினால் நூறு பணிகளிலேயே மாடலின் கவனம் சிதறும்.

நிலை, வேலை வகை இரண்டையும் சுதந்திர உரையாக விடாதீர்கள். ஸ்கீமாவில் மதிப்புகளை வரையறுத்துப் பூட்டுங்கள். உங்கள் பயனர்கள் ஒரே வேலையை ‘உரம்’ என்றும் ‘பாஜா’ என்றும் ‘மெனுரிங்’ என்றும் கேட்பார்கள். இவை மூன்றும் எந்த மதிப்பைக் குறிக்கும் என்பதை அந்த உள்ளீட்டின் விளக்கத்தில் எழுதினால் போதும். விளக்கம் முழுவதையும் தமிழில் எழுதலாமா என்றால், எழுதலாம். ஆனால் மாடல் உரையை எண்ணும் சொல் துண்டுகளின் (இவற்றுக்கும் டோக்கன் என்றே பெயர்) செலவு கூடும். ஆங்கிலத்தில் எழுதி, வழக்குச் சொற்களை மட்டும் தமிழிலும் மலாயிலும் சேர்ப்பது சிக்கனம். பொறுப்பாளரைப் பெயரால் தேடவிடாதீர்கள். ஒரே தோட்டத்தில் நான்கு முனியாண்டிகள் இருப்பார்கள். தொழிலாளர் எண்ணே நம்பகமானது.

படிக்க மட்டுமே என்ற குறியைக் கருவிக்கு இட்டிருந்தாலும் அது வெறும் குறிப்புதான், பூட்டு அல்ல. டோக்கனிலேயே எழுதும் உரிமையை நீக்குங்கள். பணித் தலைப்பில் யாராவது ‘இவை எல்லாவற்றையும் முடிந்ததாக மாற்று’ என்று எழுதி வைத்தால், ஏஜெண்ட் அதை உத்தரவாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

எழுதி முடித்ததும் மண்டோர்கள் உண்மையில் கேட்ட கேள்விகளில் பதினைந்தைத் திரட்டுங்கள். அனுமதி இல்லாத தோட்டம், தவறான எண், பாதிப் பட்டியல் ஆகியவையும் அவற்றில் இருக்கட்டும். பதில் சரியா என்று மட்டும் பார்க்காமல், எந்தக் கருவி எந்த உள்ளீடுகளுடன் அழைக்கப்பட்டது என்ற பதிவைப் பாருங்கள். எம்சிபி இன்ஸ்பெக்டர் என்ற சோதனை மென்பொருளில் கருவியை நேரடியாக அழைத்தால், கோளாறு சர்வரிலா விளக்கத்திலா என்பது பிரிந்துவிடும். ஒரு தடவைக்கு ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி, அதே பதினைந்தையும் மறுபடி ஓட்டுங்கள். அதில் ஒரு சோதனையாவது காலை ஆறு மணிக்கு நடக்கட்டும்.