சதை எடுத்தா பரவாதுங்க

பல்லடம் தறிக்கார அப்பாவுக்குக் கன்னத்துக்குள்ள ஒரு மாசமா வெள்ளைத் திட்டு, "சதை எடுத்துப் பாத்தா புத்துநோய் பரவிரும்"னு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறார்னு எழுதியிருந்தீங்க. எங்க மாமனும் இதையேதான் சொன்னாருங்க. ஊசி போட்டு மரத்துப்போக வெச்சு, துளியூண்டு சதைதான் எடுத்தாங்க. அதனால பரவாதுங்க.

புகையிலை அடக்கற பக்கமே திட்டு இருக்குதா, துடைச்சாப் போகுதா பாருங்க. மூணு விரலைச் செங்குத்தா வாய்க்குள்ள விடச் சொல்லுங்க. விரல் உள்ள போகலீன்னா அதையும் டாக்டர்கிட்டச் சொல்லோணும். எல்லாத் திட்டும் புத்துநோய் இல்லீங்க. ஆனா ரெண்டு மூணு வாரத்துக்கு மேல நின்னா காட்டியே ஆகோணும். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போலாம். வலிக்கலீங்கறதை மட்டும் நம்பாதீங்க, ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது. புகையிலையை இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. அமாவாசைக்கு அப்பறம்னு இழுப்பாரு, உட்டுராதீங்க.