லாக் நட் சாவி காணோமா? கன்னோடு வருபவரைக் கொஞ்சம் நிறுத்துங்கள்

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கினேன். பின்சக்கரத்தில் காற்று மெதுவாக இறங்குகிறது. கழற்றப் போனால் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. சக்கரத் திருட்டைத் தடுக்கும் லாக் நட்டாம், அதன் சாவி வண்டியில் இல்லை. விற்றவரும் தெரியாது என்கிறார். டயர் கடைக்காரர், நட்டை அடித்துச் சுழற்றிக் கழற்றும் இம்பாக்ட் கன்னைக் காட்டி, "கன் வைத்து எடுத்துவிடலாம், ஆனால் ரிம்முக்கு நான் பொறுப்பில்லை" என்கிறார். இன்னொருவர் எல்லா லாக் நட்டுக்கும் பொருந்தும் சாவி தன்னிடம் இருக்கிறது என்று முன்பணம் கேட்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் நம்ப வேண்டாம். உங்கள் நட்டைக் கழற்றிவிட முடியும். ரிம்மும் பிழைக்கும். அவசரப்பட்டு யார் கையிலும் கொடுத்துவிடாமல் இருந்தால் போதும்.

முதலில் சாவியை ஒழுங்காகத் தேடுங்கள். பலர் பூட்டுச் சாவி மாதிரி எதையோ தேடிவிட்டு இல்லை என்கிறார்கள். இது உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன இரும்புத் துண்டு. ஒரு முனையில் நட்டின் தலையில் உள்ள வளைவுகளுக்கு எதிர் வடிவம் இருக்கும், மறுமுனையில் சாதாரண ஸ்பேனர் பிடிக்கும் ஆறு பட்டை. ஸ்டெப்னிக்கு அடியில் ஜாக்கி வைக்கும் தட்டு, டேஷ்போர்டு, சீட்டுக்கு அடி, கதவுப் பை, வண்டிப் புத்தகம் இருக்கும் உறை என எல்லாவற்றையும் பாருங்கள். அப்புறம் விற்றவரிடம் சாவியைக் கேட்காதீர்கள். கடைசியாக எந்தக் கடையில் டயர் மாற்றினார் என்று கேளுங்கள். வேலை முடிந்து சாவி அந்தக் கடையின் சாக்கெட்டிலேயே மாட்டிக்கொண்டு நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அங்கே ஒரு டப்பா நிறைய இப்படி விட்டுப்போன சாவிகள் கிடக்கலாம்.

கிடைக்கவில்லையா? சாவியில் பொறித்திருக்கும் குறியீட்டு எண், வண்டிப் புத்தக உறைக்குள் சிறு அட்டையாகவோ ஸ்டிக்கராகவோ இருக்கலாம். அது கிடைத்தால் கம்பெனியின் உதிரிபாகப் பிரிவில் புதுச் சாவி வரவழைக்கலாம். எண்ணும் இல்லையென்றால் உங்கள் வண்டியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரைக் கேளுங்கள். தங்கள் கம்பெனி நட்டுகளுக்கான முழு சாவி செட் பல இடங்களில் இருக்கும். ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்கள். போகும் முன் போன் செய்து, நட்டைத் துடைத்து நேர் எதிரிலிருந்து எடுத்த படத்தையும் அனுப்பிவிடுங்கள்.

இந்த இடத்தில் எனக்குப் பொறுமை போகிறது. சேஸிஸ் எண்ணைத் தட்டினால் பெயிண்ட் நிறம் வரை தெரிகிறது. எந்த வடிவ நட் போட்டு அனுப்பினோம் என்பதை மட்டும் பல கம்பெனிகள் எழுதி வைப்பதில்லை. வண்டி கைமாறும்போது சாவி இருக்கிறதா என்று சரிபார்க்கவும் யாருக்கும் தோன்றுவதில்லை. திருடனுக்காகப் போட்ட பூட்டில் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்பவர் வண்டிக்குச் சொந்தக்காரர்தான்.

இப்போது அந்த "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" சாவி. அப்படி ஒன்று கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் பல வடிவங்களை வைத்திருக்கிறது. அவர் கையில் இருப்பது, உள்ளே சிறு ஊசிகள் நகர்ந்து வடிவத்துக்கேற்ப அமரும் சாக்கெட்டாக இருக்கலாம். லேசான வேலைக்கு அது சரி, சக்கர நட்டின் இறுக்கத்துக்கு ஊசிகள் வளைந்துவிடும். அரைகுறையாகப் பொருந்தும் எதையும் வைத்துத் திருகினால் நட்டின் வடிவம் மழுங்கும். அதன் பிறகு அசல் சாவி கிடைத்தாலும் பயனில்லை. நட்டில் வைத்து ஆட்டம் இல்லாமல் அமர்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். காட்டாதவருக்கு முன்பணம் எதற்கு?

கன் விஷயமும் இதேதான். சரியான சாவி இருந்தால்கூடக் கன் போடக்கூடாது. லாக் நட் சாவியின் விளிம்புகள் மெல்லியவை. இம்பாக்ட் கன்னின் அடியைத் தாங்க அவை செய்யப்படவில்லை. தொலைந்த சாவிகளைப் போலவே, கன் போட்டு உடைத்த சாவிகளும் ஏராளம். "ரிம்முக்குப் பொறுப்பில்லை" என்று வேலைக்கு முன்பே ஒருவர் சொன்னால், சரியான கருவி அவரிடம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சாவி எந்த வழியிலும் கிடைக்காவிட்டால், கடித்துப் பிடிக்கும் சாக்கெட் வைத்திருப்பவரிடம் போங்கள். அதன் உட்புறம் இடப்பக்கமாகச் சுருண்டு போகும் பற்கள் இருக்கும். நட்டின் தலையைவிடச் சற்றே சிறியதை எடுத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றுவார்கள். கழற்றும் திசையில் திருகத் திருகப் பல் இன்னும் ஆழமாக இறங்கும். நீளமான கம்பியை மாட்டி ஒரே சீராக இழுத்தால் முதலில் ஒரு முனகல், பிறகு "டக்" என்று ஒரு சத்தம், நட் விட்டுக்கொடுக்கும். அடிக்கும்போது இரும்புச் சில்லு தெறிக்கும், கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். நட் குழியைச் சுற்றி டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

சக்கரம் தரையில் இருக்க வேண்டும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்க வேண்டும். மற்ற நட்டுகளை முதலில் கழற்ற விடாதீர்கள். பல்லக்குத் தூக்குபவர்களில் மற்றவர்கள் தோளை விலக்கினால் மிச்சமிருப்பவர் நசுங்குவது போல, மற்றவை தளர்ந்தால் பாரம் முழுவதும் லாக் நட்டில் இறங்கி அது இன்னும் இறுகும். ஏற்கெனவே தளர்த்தியிருந்தால் திரும்ப இறுக்கச் சொல்லுங்கள். துரு நீக்கும் எண்ணெயை முந்தைய நாளே விடலாம், ஆனால் மூடிய நட்டுக்குள் அது அதிகம் புகாது. பிரேக் டிஸ்க்கில் படக்கூடாது.

ஒரு வகை நட்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சிலவற்றில் வெளிப்புறம் ஒரு வளையம் நட்டிலிருந்து விலகித் தனியாகச் சுழலும். இடுக்கியால் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். நடுப்பகுதி நின்றிருக்க, வெளி வளையம் மட்டும் சுற்றினால் இந்த வகைதான். இதன் மேல் கடிக்கும் சாக்கெட்டை ஏற்றினால் வளையம் வீணாகச் சுற்றுமே தவிர நட் அசையாது. வளையத்தை முதலில் பிரித்தெடுத்துவிட்டு உள்ளே இருப்பதைப் பிடிக்க வேண்டும், அதற்கெனத் தனிக் கருவி உண்டு. துருப்பிடித்திருந்தால் இன்னும் ஏமாற்றும். வளையம் சுற்றாமல் கெட்டியாக நிற்கும், சாக்கெட் நன்றாகக் கடித்த மாதிரி தெரியும், பாதியில் விட்டுச் சுழலும். உடனே "நட் வெல்ட் ஆகிவிட்டது, ரிம்மை வெட்ட வேண்டும்" என்பார்கள். ரிம்மை வெட்ட யார் சொன்னாலும் வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

கேஸ் வைத்துச் சூடாக்க ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். காற்றுள்ள டயரின் உட்புற ரப்பர் சூட்டில் சிதைந்து வாயு சேர்ந்து டயர் வெடிக்கும். வெளியே எதுவும் தெரியாமல் சிறிது நேரம் கழித்தும் வெடிக்கலாம், ஆளைக் கொல்லும். நட்டைத் துளையிட்டு எடுப்பது கடைசி வழி. கோணம் தவறினால் உள்ளே இருக்கும் போல்ட் போகும். போல்ட் உடைந்தாலும் அதை மட்டும் மாற்றலாம், சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பையே முழுதாக மாற்றச் சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள். நட்டுக்கு எவ்வளவு, சேதம் ஆனால் யார் பொறுப்பு என்பதை வேலைக்கு முன் எழுதி வாங்குங்கள்.

பின்சக்கரத்தோடு நிறுத்தாமல் நான்கு சக்கரங்களின் லாக் நட்டுகளையும் அன்றே எடுத்து, சாதாரண நட் போட்டுவிடுங்கள். மரை அளவும் அடிப்பகுதியின் வடிவமும் அசலோடு ஒத்துப்போக வேண்டும். கூம்பு இருந்த இடத்தில் உருண்டை வடிவம் போட்டால் ஓடும்போதே தளரும். இறுக்கத்தை அளந்து காட்டும் கைக்கருவியால் (டார்க் ரெஞ்ச்) வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள், கார்களுக்குப் பெரும்பாலும் 80 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி சரிபாருங்கள். லாக் நட்டைக் கழற்றும் வரை காற்றை நிரப்பி மெதுவாக ஓட்டலாம். டயர் தட்டையாகிவிட்டால் வண்டியை நகர்த்தாமல், கடிக்கும் சாக்கெட் வைத்திருப்பவரை நிற்கும் இடத்துக்கே வரவழையுங்கள்.