மூக்கு வீக்கம் பாதி வடிந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் என் தம்பிக்கு வயது 36. சர்க்கரை உட்பட எந்த நோயும் இல்லை. ஐந்து மாத மூக்கடைப்புக்குப் பிறகு மூக்கும் மேலுதடும் வீங்கின. சேலத்தில் சதைப் பரிசோதனை செய்து, பூஞ்சை என்று இட்ராகோனசோல் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் பாதி வடிந்துவிட்டது. இது கருப்புப் பூஞ்சையா? மாத்திரையை விட்டு அறுவை செய்துகொள்ளலாமா?

பதில்: அகன்ற பூஞ்சை இழைகளைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை படிந்திருப்பதாகவும், இரத்தக் குழாய்களுக்குள் பூஞ்சை நுழையவில்லை என்றும் நீங்கள் அனுப்பிய அறிக்கை சொல்கிறது. வலியின்றி மெல்லப் பரவிய வீக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், இது 2021-ல் பெரிதும் பேசப்பட்ட கருப்புப் பூஞ்சையாக இருப்பதைவிட, 1965-ல் மனிதரிடம் முதன்முதலாகப் பதிவான கோனிடியோபோலஸ் என்ற பூஞ்சையின் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கருப்புப் பூஞ்சை பெரும்பாலும் சர்க்கரை கட்டுப்படாதவர்களைப் பிடித்து, குழாயை அடைத்துச் சதையைக் கருக்கி, சில நாள்களிலேயே கண்ணுக்கும் மூளைக்கும் ஏறிவிடும். இதுவோ மண்ணோடும் மட்கிய சருகோடும் பழகும் திடகாத்திரமான ஆண்களிடமே அதிகம் காணப்படுகிறது. இந்தப் பூஞ்சையை ஆய்வகத் தட்டில் வளர்த்தால் வித்துகளை விசையோடு வீசி, மூடியின் உட்புறத்தில் மாவு தூவியது போலப் படியவைக்கும்.

அறுவையை முதல் வழியாக நான் சொல்லமாட்டேன். வீக்கத்துக்குத் தெளிவான எல்லை இல்லாததால் முழுதாக வெட்டியெடுப்பது கடினம். மிச்சமிருப்பது மறுபடி வளரும். மாத்திரையையும் இப்போது நிறுத்தக் கூடாது. வழக்கமாக நாளொன்றுக்கு 200 முதல் 400 மி.கி. வரை பல மாதங்கள் கொடுத்து, வீக்கம் முற்றிலும் மறைந்த பின்பும் சில வாரங்களாவது தொடர்வார்கள். போதவில்லையென்றால் பொட்டாசியம் அயோடைடு கரைசல் சேர்ப்பதுண்டு. பழைய மருந்து, விலையும் குறைவு, ஆனால் தைராய்டைக் கவனிக்க வேண்டும்.

இட்ராகோனசோல் காப்ஸ்யூல் வயிற்றில் அமிலம் இருந்தால்தான் நன்றாகக் கரையும். விடியற்காலையில் வெறும் வயிற்றில், அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரையோடு சேர்த்து விழுங்கிவிட்டு வேலைக்குக் கிளம்பினால், மருந்தில் பாதி வீண்தான். வயிறார உண்டவுடன் எடுக்கட்டும். வேறு எந்த மாத்திரை சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஈரல் பரிசோதனையை அவ்வப்போது செய்துகொள்ளவும். கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே காட்டவும்.

மறுபடி சதை எடுக்க நேர்ந்தால், மொத்தத்தையும், பூஞ்சையைக் கொன்றுவிடும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிடாமல், ஒரு துண்டை உப்புநீரில் வைத்து, ஃப்ரிட்ஜில் வைக்காமல் அன்றே நுண்ணுயிரியல் துறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். இந்தச் சிறு கவனம் தவறியதால் பூஞ்சையின் பெயர் தெரியாமலே போன நோயாளிகள் பலர்.

மூக்கிலோ அண்ணத்திலோ கருமை, கடும் முகவலி, இரட்டைப் பார்வை ஆகியவற்றில் எது தோன்றினாலும், அடுத்த முறைக்குக் குறித்த தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே மலையிறங்கிச் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.