முப்பது நாள்ல கூகுள் முதல் இடம்னு கேரண்டி குடுக்கறாங்க, பணம் கட்டலாமா?

கேள்வி: பவானில ஜமக்காளம், பெட்ஷீட் கடை வச்சிருக்கோம். போன வருஷம் வெப்சைட் போட்டோம், ஆர்டர் பெருசா ஒண்ணும் வரல. இப்ப ஒரு எஸ்இஓ (கூகுள் தேடல்ல சைட்டை மேல கொண்டு வர்ற வேலை) கம்பெனிக்காரங்க போன் மேல போன் பண்றாங்க. மாசம் 12,000 ரூபாயாம், 30 நாள்ல முதல் இடம் கேரண்டியாம், 500 பேக்லிங்க் (மத்த சைட்டுங்கள்ல இருந்து நம்ம சைட்டுக்கு வர்ற லிங்க்) ஃப்ரீயாம், கூகுள்ல எங்களுக்கு ஆள் இருக்குன்னு வேற சொல்றாங்க. கட்டலாமா சார்?

பதில்: கட்டாதீங்க. ஆள் இருக்குன்னு சொன்னப்பவே போனை வச்சிருக்கலாம். முதல் இடத்தை யாராலயும் கேரண்டி பண்ண முடியாதுன்னு கூகுளே எழுதி வச்சிருக்கு, காசு வாங்கிட்டு ரேங்க் ஏத்துறதும் கிடையாது. காசு கட்டி மேல வர்றது விளம்பரம், அதுல ஸ்பான்சர்டுன்னு போட்டிருக்கும், பணத்தை நிறுத்தினா அதுவும் போயிடும்.

அப்புறம் எந்த தைரியத்துல கேரண்டி குடுக்கறாங்கன்னா, கீவேர்டை, அதாவது எந்த வார்த்தையை தேடணும்கறதை, செலக்ட் பண்றது அவங்கதானே! வெறும் பெட்ஷீட்னு தேடினா அமேசான், ஃபிளிப்கார்ட்டை தாண்ட முடியாதுன்னு தெரியும், அதனால உங்க கடை பேரையும் ஊர் பேரையும் சேத்து தேடி ஸ்கிரீன்ஷாட் அனுப்பிடுவாங்க, அது பைசா செலவில்லாமலே அநேகமா முதல்ல வர்றதுதான். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாம கூகுளோட சர்ச் கன்சோல்ல பாருங்க, ஃப்ரீதான். என்ன வார்த்தை தேடினப்ப உங்க சைட் வந்துச்சு, எத்தனை பேர் கிளிக் பண்ணாங்கன்னு எல்லாம் காட்டும்.

அந்த 500 பேக்லிங்க்தான் ரொம்ப மோசம். ரேங்குக்காக லிங்க் வாங்கறது கூகுள் ரூல்ஸ் படி ஸ்பேம். 2011ல அமெரிக்காவுல ஜேசி பென்னிங்கற பெரிய கடைக்கு இப்படி காசு லிங்க் இருக்குன்னு நியூயார்க் டைம்ஸ் வெளியில கொண்டு வந்ததும் கூகுள் அந்த சைட்டை கீழ தள்ளிடுச்சு. அடுத்த வருஷமே பெங்குவின்னு கூகுளோட அப்டேட் வந்து இந்த மாதிரி சைட்டுங்களை மொத்தமா அடிச்சுது. இன்னும் அதையே விக்கறாங்கன்னா என்ன சொல்றது.

உங்க சைட்டை நான் பாக்கல, ஆனா நம்மூர் கடை சைட்டு பாதிக்கு மேல விலை, சைஸ், துணி எல்லாத்தையும் வாட்ஸ்அப் போஸ்டர் மாதிரி போட்டோக்குள்ளயே எழுதி போட்டிருப்பாங்க. கூகுளுக்கு படிக்க வசதியா அதை எழுத்தா டைப் பண்ணி போடுங்க. ஒவ்வொரு ஜமக்காளத்துக்கும் தனி பக்கம், எத்தனை அடி, காட்டனா ஆர்ட் சில்க்கா, எப்படி துவைக்கணும், எத்தனை நாள்ல வரும்னு கஸ்டமர் போன்ல கேக்கறதெல்லாம் அதுல இருக்கணும். கூகுள் மேப்ல கடையை ஃப்ரீயா பதிஞ்சு ரிவ்யூ கேட்டு வாங்குங்க. பலன் தெரிய நாலு மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகும்னு கூகுளே சொல்லுது, 30 நாள் கணக்கெல்லாம் சும்மா.

இதுக்கெல்லாம் நேரமில்ல, ஆள் வச்சுதான் ஆகணும்னா வைங்க, தப்பில்ல. மாசாமாசம் எந்த பக்கத்துல என்ன மாத்தினாங்கன்னு எழுத்துல வாங்குங்க. டொமைன் (உங்க சைட்டோட அட்ரஸ்) உங்க பேர்லயும் உங்க மெயில்லயும் இருக்கான்னு இன்னைக்கே பாத்துடுங்க, சைட் போட்டவர் பேர்ல இருந்தா நாளைக்கு சண்டைன்னு வந்தா உங்க அட்ரஸே உங்க கையில இருக்காது.