குடிக்காதவன் டிவி வேலைக்கு வந்தால்

தம்பி, லண்டனில் எடிட்டிங் வேலை கிடைத்ததற்கு வாழ்த்துகள். வாடகை, ஸ்வெட்டர் விஷயமெல்லாம் சமீபத்தில் வந்தவர்களைக் கேளுங்கள். நான் கொடுத்த வாடகையைச் சொன்னால் சிரிப்பீர்கள். "குடிக்காவிட்டால் டிவி துறையில் ஒதுக்கிவிடுவார்களா?" என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் சொல்கிறேன்.

1986இல் லண்டனின் சோஹோ பகுதியில் ஒரு எடிட்டிங் கம்பெனியில் டேப் மாட்டும் பையனாகச் சேர்ந்தேன். அப்போது பப்களை மத்தியானம் மூன்று மணிக்கு மூடிவிட்டு ஐந்தரைக்குத்தான் திறப்பார்கள். சட்டம் அப்படி, 1988இல்தான் மாறியது. அதனால் ஒரு மணிக்குப் போகிற கூட்டம் மூன்றுக்குள் அவசர அவசரமாக ஊற்றிக்கொண்டு வரும். ஜன்னல் இல்லாத எடிட் அறையில் சாயங்காலம் வரை பீர் நெடி. பிபிசி டெலிவிஷன் சென்டர்காரர்களுக்கு வெளியே போகிற சிரமம்கூடக் கிடையாது, கட்டிடத்துக்குள்ளேயே கிளப் பார். காமெடித் தொடர் ரெக்கார்டிங்கை இரவு பத்துக்குள் முடித்தாக வேண்டும், முடித்த கையோடு அங்கே ஓடுவார்கள். நிகழ்ச்சிக்கு வரும் விருந்தினருக்கும் முன்பே மது உபசாரம் உண்டு. 1990இல் டெர்ரி வோகனின் நேரடிப் பேட்டி நிகழ்ச்சியில் கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட் போதையில் உளறியதை நாடே பார்த்தது.

குடியைவிட என்னைக் கடுப்பேற்றியது வேறு. யாருக்கு எந்த ஷிஃப்ட், யாரை எடிட்டர் நாற்காலியில் உட்காரவைப்பது என்பதெல்லாம் பப்பில்தான் முடிவாகும். எனக்குப் பின்னால் வந்த ஒருவன் அப்படித்தான் என்னைத் தாண்டிப் போனான். அப்புறம் நானும் போக ஆரம்பித்தேன், லைம் சோடாவோடு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் பார்ப்பது ரவுண்டு. கூட்டத்தில் ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்தது இன்னொருவர். நீங்கள் ஜூஸ்தான் குடித்தாலும் உங்கள் முறைக்கு அத்தனை பேருக்கும் பீர் வாங்க வேண்டும். நம் ஆட்கள் சிலர் மூன்று ரவுண்டு ஜூஸ் குடித்துவிட்டு, தன் முறை வரும்போது "டிரெயினுக்கு நேரமாச்சு" என்று கழன்றுகொள்வார்கள். அந்தப் பெயர் ஒட்டினால் போகாது. இன்னொரு ரகம், வெள்ளைக்காரனுக்குச் சரியாக நிற்கிறேன் என்று ஆறு பைன்ட் (பெரிய கிளாஸ்) பீர் அடித்து, கடைசியில் குடும்பத்தையும் தொலைத்தவர்கள். இரண்டு ரகத்தையும் நிறையப் பார்த்தாயிற்று.

இப்போது அவ்வளவு இல்லை. 2013இல் பிபிசி அந்த டெலிவிஷன் சென்டர் கட்டிடத்தைக் காலி செய்தது. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள். என்னோடு வேலை செய்யும் பிள்ளைகள் பாதிப் பேர் ஆல்கஹால் இல்லாத பீர் கேட்கிறார்கள். இருந்தாலும் வியாழக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டால் போங்கள். முதல் ரவுண்டை நீங்களே வாங்கிவிட்டால் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். கவுன்டரில் யார் முதலில் வந்தார்கள் என்று பார்க்காரருக்குத் தெரியும். டாஸ்மாக் மாதிரி காசை நீட்டிக்கொண்டு முண்டாதீர்கள்.