பொட்டலம் கட்டத் தெரியாத படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜார்ஜ் க்ளூனி இயக்கி நடித்த ‘தி மான்யுமெண்ட்ஸ் மென்’ (2014) படத்தை இப்போதுதான் பார்த்தேன். நாஜிகள் கொள்ளையடித்த ஓவியங்களை மீட்கப் போகும் நேச நாட்டுக் குழு, மேட் டேமன், பில் மர்ரே, கேட் பிளான்செட் எல்லாம் இருந்தும் பாதியிலேயே கொட்டாவி வந்துவிட்டது. “உண்மைக் கதை அப்படித்தான் மெதுவாக இருக்கும்” என்கிறார் நண்பர். உண்மை அவ்வளவு சப்பென்றா இருந்தது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் படத்துக்காக உண்மையின் மேல் பழி போடுகிறார். உண்மை மெதுவாகத்தான் நடந்தது, ஆனால் அந்த மெதுவில்தான் பதைபதைப்பே இருந்தது. க்ளூனி அதை நம்பவில்லை. பொட்டலம் கட்டுவதை யார் பார்ப்பார்கள் என்று நினைத்துவிட்டார்.

க்ளூனியின் பாத்திரத்துக்கு மூலம் ஜார்ஜ் ஸ்டவுட். ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் பழுது பார்த்துக் காப்பவர். மரம், பசை, ஈரம் மூன்றும் ஒன்றையொன்று எப்படிக் கெடுக்கும் என்று அறிந்தவர். படத்தில் இவர் நாகரிகம், பண்பாடு என்று உரையாற்றிக்கொண்டே இருக்கிறார். கையில் ஒரு பசைத் தூரிகையைக்கூடக் கொடுக்கவில்லை.

ஆஸ்திரியாவின் ஆல்ட்டவுஸ்ஸே உப்புச் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லின்ஸ் நகரில் ஹிட்லர் கட்டத் திட்டமிட்ட அருங்காட்சியகத்துக்கான சரக்கு அங்கேதான் இருந்தது. ஓவியங்கள் மட்டுமே 6,500-க்கு மேல். ஏன் உப்புச் சுரங்கம்? குண்டு எட்டாது என்பது பாதிக் காரணம்தான். உள்ளே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே குளிர், ஒரே ஈரப்பதம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சுவரே ஒரு காவல்காரன். பலகை ஓவியத்துக்கு இது சொர்க்கம். மரம் காய்ந்தால் குறுக்கில் சுருங்கும், மேலே பூசிய சுண்ணமும் பசையும் கலந்த பூச்சு கூடவே சுருங்காது. வண்ணம் கொப்புளம் கட்டி உதிரும்.

ஆனால் உள்ளே பத்திரமாக இருந்ததை வெளியே எடுப்பதில்தான் ஆபத்து. குளிர்ந்த பலகையைக் கோடையின் ஈரக்காற்றில் பிரித்தால் முகத்தில் வியர்த்துவிடும். அதனால் சுற்றியது சுற்றியபடியே இருக்க வேண்டும், வெளிச்சூட்டுக்கு மெல்ல மெல்ல வந்த பிறகுதான் பிரிக்கலாம். லாரியில் ஓவியத்தைப் படுக்க வைக்கக் கூடாது, துணி பறைத்தோல்போல அதிரும். விளிம்பில் நிறுத்தி, வண்டி போகும் திசைக்கு இணையாக வைத்து, இடையே மெத்தென்று எதையாவது செருக வேண்டும். எதைச் செருகுவது? ஜெர்மனியின் மெர்க்கர்ஸ் சுரங்கத்தில் ஜெர்மன் ராணுவத்தின் ஆட்டுத்தோல் கோட்டுகள் ஏறக்குறைய 1,000 கிடைத்தன. ரஷ்யக் குளிருக்குத் தைத்தவை ரெம்பிராண்டுகளுக்கு மெத்தையாயின. படத்தின் மிகச் சிறந்த காட்சியாக இருந்திருக்க வேண்டியது இது.

ஆல்ட்டவுஸ்ஸே சுரங்கத்தைக் காப்பாற்றியதும் அமெரிக்கர்கள் இல்லை. அப்பகுதியின் நாஜித் தலைவர் ஐக்ரூபர், ‘பளிங்கு, கவனம்’ என்று எழுதிய 8 பெட்டிகளை 1945 ஏப்ரலில் உள்ளே அனுப்பினார். ஒவ்வொன்றிலும் 500 கிலோ விமானக் குண்டு. சுரங்க நிர்வாகி பேக்மியுல்லரும் தொழிலாளிகளும் மே 3 இரவு அவற்றை வெளியே கொண்டுவந்தார்கள். பிறகு ஐக்ரூபர் ஆட்கள் மறுபடி நுழையாதபடி சுரங்க வாயில்களை மட்டும் அளவாக வெடி வைத்து மூடினார்கள். தொழிலாளிகளுக்கு ஓவியர் வான் ஐக்கின் மேல் பாசம் இருந்ததோ இல்லையோ, சுரங்கம் போனால் சோறு போகும் என்பது தெரிந்திருந்தது. படம் இதை ஓரிரு வசனத்தில் தாண்டிப் போகிறது.

படத்தில், பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில், மைக்கேலாஞ்சலோவின் ‘ப்ரூஜ் மடோனா’ என்ற பளிங்குச் சிலையை (மேரியும் குழந்தை இயேசுவும்) காக்க நின்று ஓர் ஆங்கிலேயர் சுடப்பட்டுச் சாகிறார். நிஜத்தில் அச்சிலையை 1944 செப்டம்பரில் ஜெர்மானியர்கள் மெத்தைகளில் சுற்றி, செஞ்சிலுவை லாரியில் கொண்டுபோனார்கள். தடுக்க அங்கே நேச நாட்டு அதிகாரி யாரும் இல்லை. ரொனால்ட் பால்ஃபர் என்ற ஆங்கிலேய அதிகாரி சில நாள் கழித்தே வந்து சேர்ந்தார். அவர் இறந்தது 1945 மார்ச்சில், ஜெர்மனியின் கிளேவ் நகரில், தேவாலயச் சிற்பங்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தபோது விழுந்த பீரங்கிக் குண்டால். உலகப் புகழ் பெற்ற எதற்காகவும் இல்லை. அந்தச் சாவு எனக்கு இன்னும் கனமாகப் படுகிறது. திரைக்கதைக்கோ மைக்கேலாஞ்சலோ தேவைப்பட்டிருக்கிறார்.

இறுதியில் சோவியத் படை வாசலுக்கு வருமுன் சிலையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அதுவும் ஜோடனை. ஜெர்மனி சரணடைந்து இரண்டு மாதம் கழித்து, ஜூலை 10-ம் தேதி, மடோனா ஆல்ட்டவுஸ்ஸே சுரங்கத்திலிருந்து வெளியே வந்தாள். எல்லைக்கோடு மாறி அந்தப் பகுதி சோவியத் கைக்குப் போகலாம் என்ற பயம் மட்டும் நிஜம். அதற்காக ஸ்டவுட் ஆட்கள் விடியுமுன் தொடங்கி இரவு வரை, மழையில், அரைகுறைச் சாப்பாட்டுடன் வேலை பார்த்தார்கள். பளிங்கு எடையைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. விரல், குழந்தையின் கை, துணி மடிப்பின் ஓரம் இவைதான் முறியும். கயிறு இவற்றின் மேல் படக் கூடாது, பாரம் முழுதும் அடிப்பீடத்தில் இறங்க வேண்டும், இடுக்குகளை அடைத்துவிட வேண்டும். கட்டி முடித்ததும், இவளை ஆல்ப்ஸில் மலைக்கு மலை துள்ளவிட்டு ம்யூனிக் வரை கொண்டுபோகலாம் என்றாராம் ஸ்டவுட். இதைவிட நல்ல வசனம் படத்தில் இல்லை.

கேட் பிளான்செட்டின் பாத்திரத்துக்கு மூலமான ரோஸ் வாலான் பற்றி ஒரு வார்த்தை. பாரிஸின் ஜூ த போம் அருங்காட்சியகத்தில், ஜெர்மன் புரியாதவர்போல நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து, எந்தப் பெட்டி எந்த ஊருக்குப் போகிறது என்று ரகசியமாகக் குறித்து வைத்தவர். மாட்டியிருந்தால் மரணம். அவரை மேட் டேமனுக்கு இரவு விருந்து வைத்து ஏங்க விட்டிருப்பது அபத்தம்.

எனக்கு இன்னும் பெரிய குறை, படம் எங்கே முடிகிறது என்பதில். 1945 நவம்பரில், ஜெர்மன் அருங்காட்சியகங்களுக்கே சொந்தமான 202 ஓவியங்களை ‘பாதுகாப்புக்காக’ அமெரிக்காவுக்கு அனுப்பும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. ஜெர்மனியின் வீஸ்பாடனில், ஓவிய மீட்பில் இருந்த இதே அதிகாரிகள் கூடி, நாம் தண்டிக்கப் போகிறவர்கள் செய்ததையே நாமும் செய்வதா என்று எழுத்தில் எதிர்த்தார்கள். சீருடையில் இருப்பவர்கள் அப்படிக் கையெழுத்திடுவது சின்ன விஷயமில்லை. ஆனாலும் ஓவியங்கள் வாஷிங்டன் போயின, 1948-ல் அங்கே காட்சிக்கும் வைக்கப்பட்டன, பிறகுதான் முழுதாகத் திரும்பின. இதில் அமெரிக்கர்களே இரு பக்கமும் நிற்கிறார்கள். க்ளூனி தொடவில்லை.

வேறென்ன பார்க்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஜான் ஃப்ராங்கன்ஹைமரின் ‘தி ட்ரெய்ன்’ (1964). வாலான் எழுதிய நூலிலிருந்து பிறந்தது. 1944 ஆகஸ்டில் 148 பெட்டி ஓவியங்களோடு கிளம்பிய நிஜ ரயில் பாரிஸின் புறநகரைத் தாண்டவில்லை. ரயில்வேக்காரர்களின் இழுத்தடிப்பே அதை நிறுத்தி வைத்தது. படம் அதைப் பலமடங்கு பெருக்குகிறது, உண்மைக்கு க்ளூனியைவிட அதிகமாகவே துரோகம் செய்கிறது. ஆனால் ரயில் எப்படி ஓடும், எப்படி நிற்கும் என்று அதற்குத் தெரியும். கிழட்டு டிரைவர் எஞ்சினின் எண்ணெய்க் குழாயில் சில்லறைக் காசைப் போட்டு அடைக்கிறார். எண்ணெய் வராமல் பேரிங் காய்ந்து உருகியபின், பர்ட் லங்காஸ்டர் புது பேரிங்கைத் தன் கையால் வார்த்துச் செய்கிறார், கேமரா வேறெங்கும் போகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் உங்களுக்குக் கொட்டாவி வந்தால் எழுதுங்கள்.