பெருந்தொற்றுக் காலத்தில் பாரிஷ் கவுன்சில் நின்றுபோகாமல் நடப்பது எப்படி?

கேள்வி: இங்கிலாந்தில் எங்கள் ஊர் பாரிஷ் கவுன்சிலுக்கு (நம்மூர் ஊராட்சி மன்றம் போன்றது) புதிதாகத் தேர்வாகியிருக்கிறேன். மொத்தம் 9 இடங்கள், சம்பளத்துக்கு நிர்வாகத்தைக் கவனிக்கும் பகுதிநேர கிளார்க் ஒருவர். 2020-ஐப் போல மறுபடி ஒரு தொற்று வந்து கூட்டமே போட முடியாமல் போனால் என்ன செய்வது? இப்போதே எதைத் தயார் செய்து வைக்கலாம்?

பதில்:

"ஜூமில் கூட்டம் போட்டுவிடலாமே" என்றுதான் யாரும் முதலில் சொல்வார்கள். அதை நம்பி இருக்காதீர்கள். 2020-இல் ஜூம் கூட்டம் செல்லுபடியானதற்குக் காரணம், கொரோனா வைரஸ் சட்டத்தின் கீழ் அதற்கென்றே ஒரு தனி விதிமுறை வந்ததுதான். அது 2020 ஏப்ரல் 4-இல் நடைமுறைக்கு வந்தது. 2021 மே 7-க்கு முன் நடந்த கூட்டங்களுக்கு மட்டுமே பொருந்தியது. அது காலாவதியான பிறகும் இணையவழிக் கூட்டம் செல்லும் என்று அறிவிக்கக் கோரி ஹெர்ட்ஃபர்ட்ஷயர் கவுண்டி கவுன்சிலும் வேறு சில அமைப்புகளும் உயர் நீதிமன்றம் போயின. 1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தில் 'கூட்டம்' என்றால் உறுப்பினர்கள் ஓர் இடத்தில் நேரில் கூடுவதுதான் என்று 2021 ஏப்ரல் 28-இல் தீர்ப்பு வந்தது. 2024 அக்டோபரில் அரசு இது பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது; இணையவழிக் கூட்டத்துக்குச் சட்டம் கொண்டுவரப்போவதாக 2025-இல் அறிவித்தது. அந்தச் சட்டம் உங்கள் கவுன்சிலுக்கு எந்தத் தேதியிலிருந்து பொருந்தும் என்பதை உங்கள் கவுண்டியின் உள்ளாட்சி கவுன்சில்கள் சங்கத்திடம் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். அதுவரை, நேரில் கூடாமல் எடுத்த தீர்மானம் செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். (வேல்ஸில் 2021-லேயே நிரந்தர அனுமதி வந்துவிட்டது. அங்கிருக்கும் நண்பர்கள் சொல்வதை அப்படியே இங்கே செய்ய முடியாது.)

ஆகவே நீங்கள் இப்போதே செய்ய வேண்டிய முக்கியமான வேலை, கிளார்க்குக்கு முறைப்படி அதிகாரம் ஒப்படைப்பது. 1972 சட்டத்தின் 101-ஆம் பிரிவின்படி ஒரு கவுன்சில் தன் வேலையை ஒரு குழுவுக்கோ, துணைக்குழுவுக்கோ, அலுவலருக்கோ ஒப்படைக்கலாம். தனி ஒரு கவுன்சிலருக்கு ஒப்படைக்க முடியாது. தலைவரும் தனி ஒரு கவுன்சிலர்தான். சின்ன ஊர்களில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்: ஊரடங்கு வந்ததும் "தலைவர் பார்த்துக்கொள்வார்" என்று மின்னஞ்சலில் எல்லோரும் சரி சொல்லிவிடுவார்கள். தலைவர் ஒப்பந்தம் போடுவார், பணமும் போகும். அந்த மின்னஞ்சல்களுக்குத் தீர்மானத்தின் மதிப்புக் கிடையாது. ஆடிட்டரோ ஊர்க்காரர் ஒருவரோ பின்னால் கேள்வி கேட்டால் கவுன்சிலிடம் பதில் இருக்காது.

தீர்மானம் இந்தச் சாயலில் இருக்கலாம்: "அரசின் கட்டுப்பாட்டினாலோ, பொதுச் சுகாதார அறிவுரையினாலோ, கோரம் (கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) சேராததாலோ கவுன்சில் கூட முடியாத காலத்தில், கவுன்சிலின் முறையான அலுவலர் அல்லது அவருக்குப் பதிலாகப் பணியாற்றுபவர், தலைவரிடமும் துணைத் தலைவரிடமும் கலந்தாலோசித்து, ஒரு செலவுக்கு இத்தனை பவுண்டு வரை முடிவெடுக்கலாம், திட்ட அனுமதி விண்ணப்பங்களுக்குக் கருத்து அனுப்பலாம், பட்ஜெட்டில் ஏற்கெனவே உள்ள பில்களைச் செலுத்தலாம், ஒவ்வொரு முடிவையும் அடுத்த கூட்டத்தில் அறிவிக்க வேண்டும், இந்த அதிகாரம் அந்தக் கூட்டத்தோடு முடியும்." தொகையை உங்கள் பட்ஜெட்டைப் பார்த்து வையுங்கள். புல் வெட்டும் ஒப்பந்தத்தின் ஒரு மாதப் பில்லாவது அதற்குள் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மாதமே சிக்கும். "அவருக்குப் பதிலாகப் பணியாற்றுபவர்" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். கிளார்க்கின் பெயரை மட்டும் போட்டு வைத்து, அவரே நோயில் படுத்துவிட்டால் அந்த அதிகாரத்தை யாராலும் பயன்படுத்த முடியாது.

சிலவற்றை எப்படியும் ஒப்படைக்க முடியாது. பிரிசெப்ட் (வீட்டு வரியோடு சேர்த்து வசூலாகும் கவுன்சிலின் பங்கு) தொகையை நிர்ணயிப்பதும் கடன் வாங்குவதும் முழுக் கவுன்சிலின் வேலை. ஆண்டுக் கணக்கு அறிக்கைக்கும் நிர்வாக அறிக்கைக்கும் ஒப்புதல் தருவதும் அப்படியே. எனவே பிரிசெப்ட் முடிவாகும் டிசம்பர், ஜனவரியிலும் கணக்கு முடிக்கும் மே, ஜூனிலும் எப்பாடு பட்டாவது ஒரு கூட்டம் நேரில் நடந்தாக வேண்டும். 2020-இல் கணக்குக்கான கெடுவை அரசே தள்ளி வைத்தது: மக்கள் கணக்கைப் பார்வையிடும் 30 வேலை நாள் காலம் செப்டம்பர் 1-க்குள் தொடங்கினால் போதும், வெளியிடும் கடைசி நாள் செப்டம்பர் 30-க்குப் பதில் நவம்பர் 30. அடுத்த முறையும் தள்ளுவார்கள் என்று எண்ணி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கிளார்க் எடுக்கும் முடிவுகளுக்குப் பதிவு வேண்டும். 2014-ஆம் ஆண்டின் உள்ளாட்சி வெளிப்படைத்தன்மை விதிகளின்படி, ஒப்படைத்த அதிகாரத்தில் ஓர் அலுவலர் அனுமதி கொடுத்தாலோ, ஒப்பந்தம் வழங்கினாலோ, கவுன்சிலின் நிதிநிலையைக் கணிசமாகப் பாதிக்கும் செலவு செய்தாலோ எழுத்துப் பதிவு கட்டாயம். தேதி, முடிவு, காரணம், பரிசீலித்துத் தள்ளிய மாற்று வழிகள் என்று ஒரு பக்கம் போதும். அது 6 ஆண்டுகளும் அதற்கான பின்னணி ஆவணங்கள் 4 ஆண்டுகளும் மக்கள் பார்வைக்குக் கிடைக்க வேண்டும்.

கிளார்க் நோயில் விழுந்துவிட்டால் என்ன என்பதைத் தனியாக யோசியுங்கள். பல ஊர்களில் கவுன்சில் என்பதே அவருடைய மடிக்கணினியும் ஒரு அலமாரியும்தான். கடவுச்சொற்கள், இன்ஷூரன்ஸ் எண், சம்பளக் கணக்கு விவரம், விளையாட்டுத் திடல் சாவி இருக்கும் இடம் ஆகியவை முத்திரையிட்ட உறையில் இன்னொருவரிடம் இருக்கட்டும். தற்காலிக கிளார்க் வேண்டுமென்றால் கவுண்டி சங்கத்தைக் கேட்கலாம். பெருந்தொற்றில் எல்லா ஊரும் அதையேதான் கேட்கும். கவுன்சிலர் ஒருவரையே சம்பளமில்லாமல் அலுவலராக நியமிக்க 1972 சட்டத்தின் 112-ஆம் பிரிவு இடம் தருகிறது. சம்பளம் ஒரு பென்னிகூடக் கொடுக்கக் கூடாது.

அடுத்து வங்கி. இரண்டே கையெழுத்துக்காரர்கள் இருந்து, அதில் ஒருவர் 80 வயதுக்காரராகி வீட்டை விட்டு வெளியே வர முடியாத நிலையில் இருந்தால் காசோலை நகராது. வெவ்வேறு வீட்டைச் சேர்ந்த குறைந்தது நான்கு பேரைச் சேருங்கள். இணைய வங்கியில் கிளார்க் பில்லைப் பதிவு செய்ய, இரண்டு கவுன்சிலர்கள் அவரவர் வீட்டிலிருந்து ஒப்புதல் தரும் முறையை அமையுங்கள். காசோலையில் இரண்டு உறுப்பினர் கையெழுத்து வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் 2014-லேயே நீங்கிவிட்டது. இப்போது உங்கள் நிதி விதிகள் சொல்வதுதான் கணக்கு. அந்த விதிகளில் பழைய வாசகம் இன்னும் கிடக்கிறதா என்று பாருங்கள். வங்கி இந்த மாற்றத்தைச் செய்யப் பல வாரம் எடுக்கும். சாதாரண காலத்திலேயே முடித்துவிட வேண்டிய வேலை இது.

கூட்டம் நேரில் நடக்கும்போது கணக்கில் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, முழுமையான 3 நாள் அறிவிப்பு. அறிவிப்பு கொடுத்த நாள், கூட்ட நாள், ஞாயிறு, வங்கி விடுமுறை எதுவும் சேராது, சனிக்கிழமை சேரும். திங்கள் மாலை கூட்டம் என்றால் புதன்கிழமைக்குள் அறிவிப்பு ஊரில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும், அஜெண்டாவோடு அழைப்பும் எல்லா உறுப்பினருக்கும் போயிருக்க வேண்டும். 2020-இல் இணையதளத்தில் போட்டாலே போதும் என்றிருந்தது தற்காலிகச் சலுகை. மற்றொன்று கோரம்: மொத்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கு, ஆனால் 3-க்குக் குறையக் கூடாது. உங்கள் 9 இடத்துக்கு 3 பேர். 11 இடம் என்றால் 4. இடங்கள் காலியாகக் கிடந்தாலும் மொத்த இடங்களை வைத்தே கணக்கு. 2020-இல் இடைத்தேர்தல்கள்கூட 2021 மே 6 வரை தள்ளிப்போயின. காலியிடங்கள் ஓராண்டுவரை அப்படியே கிடந்தன. கோரமே சேராத அளவுக்கு இடங்கள் காலியானால், அதே சட்டத்தின் 91-ஆம் பிரிவின்படி மாவட்ட கவுன்சில் தற்காலிக உறுப்பினர்களை நியமிக்கலாம்.

இதைவிடக் கொடுமையானது ஆறு மாத விதி. கடைசியாகக் கூட்டத்துக்கு வந்த நாளிலிருந்து 6 மாதம் எந்தக் கூட்டத்துக்கும் வராத உறுப்பினர் பதவி இழப்பார். நோய் பயத்தால் வீட்டில் இருக்கிறார் என்றாலும் அதே கதி. கவுன்சில் அவருடைய காரணத்தை ஏற்றுத் தீர்மானம் போட்டால் தப்பலாம். அந்தத் தீர்மானம் 6 மாதம் முடிவதற்குள் வர வேண்டும், முடிந்தபின் போட்டால் பலனில்லை. "வர இயலவில்லை என்று தெரிவித்தார்" என மினிட்ஸில் எழுதுவது மட்டும் போதாது. காரணத்தை ஏற்பதாகத் தனித் தீர்மானம் வேண்டும். ஒவ்வொருவரும் கடைசியாக வந்த தேதியை கிளார்க் ஒரு தாளில் குறித்து வைத்தால் நல்ல உறுப்பினர்களை இழக்காமல் இருக்கலாம்.

ஜூமுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. முடிவெடுக்கும் அதிகாரமில்லாத ஆலோசனைக் குழு எங்கிருந்தும் பேசலாம். 2021 மே மாதத்துக்குப் பிறகு பல கவுன்சில்கள் இப்படித்தான் சமாளித்தன: ஒன்பது பேரும் இணையத்தில் கூடி விவாதித்துப் பரிந்துரை சொல்வார்கள், கிளார்க் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தில் முடிவெடுத்துப் பதிவு செய்வார். மினிட்ஸில் 'தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதாமல் 'பரிந்துரைக்கப்பட்டது' என்று எழுதுங்கள். ஊர்க்காரர்களும் பார்க்கும்படி இணைப்பை வெளியிடுவது நல்லது. மூடிய அறையில் ஏதோ நடக்கிறது என்ற சந்தேகம் சின்ன ஊரில் வேகமாகப் பரவும்.

இணையவழிக் கூட்டம் மறுபடி அனுமதிக்கப்பட்டால், முன்பு சிக்கிய இடங்களை நினைவில் வையுங்கள். கணினி இல்லாதவர் தொலைபேசியில் சேர ஓர் எண் வேண்டும். வாக்கெடுப்பில் திரையில் கையைத் தேடாமல் பெயரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கோரம் அறுந்தால் கூட்டம் அந்த நிமிடமே நிற்க வேண்டும். ரகசியமாகப் பேச வேண்டியதற்கு வேறு இணைப்புக் கொடுங்கள். அதே இணைப்பில் பொதுமக்களை வெளியேற்றினால் யாராவது ஒருவர் தங்கிவிடுவார். மென்பொருளில் ஒருவரை வெளியேற்றும் பொத்தான் யார் கையில், அந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதை நிலை விதிகளில் (கூட்டம் நடத்த கவுன்சில் தனக்கென வகுத்த விதிகள்) முன்பே எழுதுங்கள். 2020 டிசம்பரில் ஹேண்ட்ஃபோர்த் பாரிஷ் கவுன்சிலின் ஜூம் கூட்டத்தில் எழுந்த தகராறு இதைப் பற்றியதுதான். 2021 பிப்ரவரியில் அந்தக் காணொளி உலகமெங்கும் சுற்றியது.

தொற்றுக் காலத்தில் ஊர்க்காரர்களுக்குச் செய்யும் உதவிப் பணிகளுக்குப் பணம் எந்த அதிகாரத்தில் செலவாகிறது என்று ஒவ்வொரு முறையும் குறிக்க வேண்டும். கிளார்க் தகுதிச் சான்றிதழ் பெற்றவராகவும், இடங்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தேர்தலில் வந்தவர்களாகவும் இருந்தால் 2011 உள்ளூர்மயச் சட்டத்தின் (Localism Act) பொது அதிகாரம், அதாவது தனி மனிதர் பொதுவாகச் செய்யக்கூடியதைக் கவுன்சிலும் செய்யும் அதிகாரம், கிடைக்கும். போட்டியின்றித் தேர்வானவர்களும் தேர்தலில் வந்தவர்களே. கவுன்சில் தானாகச் சேர்த்துக்கொண்டவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். தகுதி இருக்கிறது என்று தீர்மானமும் போட வேண்டும். இல்லாவிட்டால் 1972 சட்டத்தின் 137-ஆம் பிரிவுதான் கதி: ஒரு வாக்காளருக்கு இத்தனை பவுண்டு என்ற உச்சவரம்பு. அது 2020-21-இல் 8.32 பவுண்டு, 2024-25-இல் 10.81 பவுண்டு. 1,000 வாக்காளர் உள்ள ஊர் 2020-21-இல் 8,320 பவுண்டு வரை செலவழித்திருக்கலாம். ஊருக்கு நேரடிப் பலன் இருக்க வேண்டும், செலவு அந்தப் பலனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், கணக்கும் தனியாக வைக்க வேண்டும். தனி ஆட்களுக்குப் பணமாகக் கொடுப்பதைத் தவிர்த்து உணவு வங்கி போன்ற ஓர் அமைப்பு வழியாகக் கொடுங்கள்.

தன்னார்வலர்களைக் கவுன்சில் பெயரில் அனுப்புவதானால், பெயர்ப் பட்டியலையும் வேலை விவரத்தையும் முதலில் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். வயது வரம்பு இருக்கிறதா என்று கேளுங்கள்; உதவ முன்வருபவர்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்களாகத்தான் இருப்பார்கள். முதியவரின் வங்கி அட்டையையோ ரகசிய எண்ணையோ யாரும் வாங்கக் கூடாது. கடையில் ஒரு கணக்கு வைத்து, வீட்டுக்காரர் தொலைபேசியில் நேரடியாகக் கடைக்குப் பணம் கட்டுவது பாதுகாப்பானது. உதவி கேட்டவர்களின் முகவரிப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

விளையாட்டுத் திடலை மூடச் சொன்னால் (2020-இல் மார்ச் 23 முதல் ஜூலை 4 வரை மூடல்) பலகை மட்டும் போதாது. ஊஞ்சல் சங்கிலிகளை மேலே தூக்கிக் கட்டி, வாயிலைப் பூட்டுங்கள். பூட்டியிருந்தாலும் வாராந்தரச் சோதனையை நிறுத்தாதீர்கள். பிள்ளைகள் வேலி ஏறுவார்கள். ஊர் ஹாலும் விளையாட்டு அரங்கமும் மூடிக் கிடக்கும்போது குழாய்களில் தேங்கும் நீரில், 20-லிருந்து 45 டிகிரி வரையான சூட்டில், லெஜியோனெல்லா கிருமி வளரும். வாரம் ஒருமுறை ஒருவர் போய் எல்லாக் குழாயையும் சில நிமிடம் திறந்துவிட வேண்டும். ஷவரைத் திறக்கும்போது நீர்த்துளி தெறிக்காமல் தலைப்பகுதியைக் கழற்றியோ பையால் மூடியோ திறக்க வேண்டும். சுடுநீர்த் தொட்டி 60 டிகிரியில் இருக்கட்டும். தேதியும் கையெழுத்தும் போட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஹாலை மறுபடி திறக்கும்போது அந்த நோட்டு தேவைப்படும்.